ஸ்தபதி, ஆர்க்கிடெக்ட், வாஸ்து ஆலோசகர்: மரபுக் கட்டடக்கலையை இன்று எங்கே கற்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ‘என்ன படிக்கலாம்’ பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். அதில் ஒரு மூலையில் மாமல்லபுரமும் இருக்கும்: மரபுக் கட்டடக்கலையில் பி.டெக். உடனே கிளம்பும் கேள்விகளும் வருடா வருடம் அதேதான். இதைப் படித்தால் ஆர்க்கிடெக்ட் ஆகலாமா? கோயில் மட்டும்தான் கட்ட முடியுமா? வாஸ்து கோர்ஸும் இதுவும் ஒன்றா?

2024 ஜனவரியில் அயோத்தி ராமர் கோயில் திறக்கப்பட்டபோது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. வடிவமைத்தவர் குஜராத்தின் சந்திரகாந்த் சோம்புரா என்றும், பாணி நாகரம் என்றும் செய்திகள் சொல்லின. அவர் தொழில் கற்றது கல்லூரியில் அல்ல, தன் தாத்தா பிரபாசங்கர் சோம்புராவிடம். அந்தத் தாத்தாதான் சுதந்திரத்துக்குப் பின் எழுந்த சோமநாதர் கோயிலை வடிவமைத்தவர். அப்படியானால் இந்தக் கலை கல்லூரியில் இருக்கிறதா, குடும்பத்தில் இருக்கிறதா, ஏட்டில் இருக்கிறதா?

மூன்றிலும் இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக. இன்றைய சிக்கல் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் சொற்கள்

‘வாஸ்து’ என்றால் குடியிருக்கும் இடம், மனை. வாஸ்து சாஸ்திரம் என்பது மனை தேர்வு முதல் ஊர், அரண்மனை, கோயில், வீடு, கட்டில், வாகனம் வரை பேசும் பெரிய துறை. காலண்டரில் வரும் ‘வாஸ்து நாள்’, ‘ஈசானிய மூலையில் கிணறு’, எத்தனை அடி அறைக்கு என்ன பலன் என்று பட்டியல் போடும் மனையடி சாஸ்திரப் புத்தகங்கள் எல்லாம் அந்தத் துறையின் ஓரத்தில் உதிர்ந்த சில இலைகள். வார இறுதி வாஸ்து வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரால் ஒரு தூணின் உறுப்புகளைக்கூட வரிசையாகச் சொல்ல முடியாமல் போகலாம். அவரிடம் அதை யாரும் கேட்பதும் இல்லை.

சில்ப சாஸ்திரம் என்பது உருவாக்கும் முறை. தெற்கில் அதிகம் புழங்கியவை மயமதம், மானசாரம், காசியபம் போன்ற சமஸ்கிருத நூல்கள். காமிகம் போன்ற ஆகமங்களிலும் கட்டடப் பகுதிகள் உண்டு.

ஸ்தபதி என்ற சொல்லைச் சிலை செய்பவர் என்ற பொருளில்தான் இன்று பலரும் புரிந்துகொள்கிறோம். நூல்களில் அவர் தலைமை வடிவமைப்பாளர். அவருக்குக் கீழே மூவர்: நூல் பிடித்து அளவு போடும் சூத்திரகிராகி, கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்கும் தட்சகன், வெட்டியவற்றைச் சேர்த்து நிறுத்தும் வர்த்தகி. இன்றைய சைட்டில் ஆர்க்கிடெக்ட், சர்வேயர், மேஸ்திரி என்று பிரிந்து கிடக்கும் வேலைதான் இது. தமிழில் இதற்குப் ‘பெருந்தச்சன்’ என்ற அழகான சொல் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அதன் தலைமைக் கலைஞனை ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்’ என்று குறிக்கிறது.

இதில் படிக்க என்ன இருக்கிறது?

மரபுக் கட்டடக்கலை ஒரு பாணி அல்ல, ஒரு இலக்கணம். எழுத்து, சொல், தொடர் என்று மொழி அடுக்குவதைப் போல இங்கே உறுப்புகள் அடுக்கப்படுகின்றன. கருவறையும் அதன் மேல் எழும் கட்டடமும் சேர்ந்ததுதான் விமானம். தென்னக விமானத்துக்கு ஆறு அங்கம், கீழிருந்து மேலாக:

1. அதிட்டானம்: தாங்குதளம். இதற்குள்ளேயே உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்று அடுக்குகள். குமுதம் உருண்டையாக இருக்கலாம், எட்டுப் பட்டையாகவும் இருக்கலாம்.
2. சுவர்: நூல்களில் பாதம் அல்லது கால். அரைத்தூண்களும், தெய்வ உருவங்களை வைக்கும் மாடங்களான தேவகோட்டங்களும் இங்கே.
3. பிரஸ்தரம்: கூரைப் பகுதி. வெளியே வளைந்து நீளும் கபோதமும் அதில் குதிரைலாட வடிவக் கூடுகளும்.
4. கிரீவம்: கழுத்து.
5. சிகரம்: தலை.
6. ஸ்தூபி: கலசம்.

முழுக் கல்லால் ஆன கோயிலை ‘உபானம் முதல் ஸ்தூபி வரை’ கல் என்றே கல்வெட்டுகள் சொல்லும். அந்த ஒரு தொடரில் முழு இலக்கணமும் அடங்கிவிடுகிறது.

ஆனால் கற்கத் தொடங்குபவர் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த உறுப்புகள் கல்லுக்காகப் பிறந்தவை அல்ல என்பது. செங்கல், மரம், உலோகம், சுதை (சுண்ணாம்புச் சாந்து) இல்லாமல் இந்தக் கோயிலை எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டுக் குடைவரையில் பெருமையோடு எழுதிவைத்தான். அப்படியென்றால் அதுவரை இவற்றால்தான் கட்டினார்கள். கபோதம் கூரைச் சரிவின் நினைவு. கூடு, வளைந்த மரக்கூரையின் முகப்பு. கல்லுக்குத் தேவையே இல்லாத உத்திர முனைகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரத்து ஐந்து ரதங்களும் இந்த மரக்கட்டடங்களின் மாதிரிப் புத்தகம் மாதிரி நிற்கின்றன: திரௌபதி ரதம் குடிசை, பீம ரதம் நீண்ட வண்டிக்கூடு, நகுல சகாதேவ ரதம் யானை முதுகு வடிவத் தூங்கானை மாடம், தர்மராஜ ரதம் பல தளங்களும் எண்பட்டைச் சிகரமும் கொண்ட விமானம்.

நாகரம், திராவிடம், வேசரம்: ஒரே பெயர், இரண்டு பொருள்

பள்ளிப் பாடநூலில் படித்தது: நாகரம் வடக்கு, திராவிடம் தெற்கு, வேசரம் நடுவில் தக்காணம். மயமதத்தைத் திறந்தால் வேறு கதை. அங்கே இவை திசைகள் அல்ல, வடிவங்கள். சதுரம் நாகரம். எண்கோணமோ அறுகோணமோ திராவிடம். வட்டம் வேசரம்.

இந்தக் கணக்கில் நாலு பக்கக் கூரை கொண்ட திரௌபதி ரதம் நாகரம்; வடநாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. எண்பட்டைச் சிகரம் கொண்ட தஞ்சைப் பெரிய கோயில் திராவிடம். வட்டமான அழகர்கோயில் விமானம் வேசரம். பாடநூல் பொருளில் தென்னகக் கோயில் எல்லாமே திராவிடம்தான்.

அயோத்தியை நாகரம் என்றது பாடநூல் பொருளில். ஊர்க் கோயில் தலபுராணப் பலகையில் ‘நாகர விமானம்’ என்று எழுதியிருந்தால் அநேகமாக அது நூல் பொருளில். இரண்டையும் கலந்துவிட்டு, வடநாட்டுச் சிற்பிகள் வந்து கட்டிய கோயில் என்று கதை விடுவது நம் ஊர்களில் சாதாரணம்.

ஒரு போதிகையை நின்று பார்த்தால்

தூணின் உச்சியில், உத்திரத்தைத் தாங்க இரு பக்கமும் கை நீட்டும் கல்தான் போதிகை. தூணைக் கீழிருந்து பார்த்துக்கொண்டே போனால் கால், மாலைத்தொங்கல், கலசம், தாடி, கும்பம், பாலி, பலகை, வீரகண்டம் என்று வந்து கடைசியில் நிற்பது.

பல்லவர் போதிகையில் கை வளைந்து இறங்கும்; அதன் மேல் அலை அலையாகச் சுருள்கள், நடுவே ஒரு பட்டை. இது தரங்கப் போதிகை. சோழர் காலம் போகப் போகச் சுருள் மறைந்து, கை கோணமாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை வெளியே துருத்தும். இது வெட்டுப் போதிகை. அந்த முனை பிற்பாடு கீழே வளைந்து மொட்டு விடுகிறது. விஜயநகரக் காலத்துக்கு வரும்போது வாழைப்பூப் போலத் தொங்கும் பூப்போதிகை ஆகிவிடுகிறது. பிற்காலத்தில் அதுவே இன்னும் பெரிதாகி, தாங்கும் வேலையை விடத் தொங்கும் வேலையே அதிகம் என்று தோன்றும்.

இந்த வளர்ச்சிப் பாதையை முறையாக எழுதியவர் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். அவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூல் 1914இல் வந்தது. கல்வெட்டே இல்லாத கோயிலுக்கும் உத்தேசமாகக் காலம் சொல்ல முடியும் என்று அது காட்டியது. உறுப்புகளின் பெயர்களை அவர் ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதவில்லை, தொழிலில் இருந்த சிற்பிகளிடம் கேட்டு எழுதினார்.

அவருக்கு முன்பே இந்தப் பாடத்தைக் கற்றவர் ராம் ராஸ். தஞ்சையில் பிறந்து பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். இந்துக் கட்டடக்கலை பற்றிய அவருடைய கட்டுரை நூல், அவர் இறந்த பிறகு 1834இல் லண்டனில் அச்சானது. மானசாரச் சுவடிகள் கையில் இருந்தன, சமஸ்கிருதப் பண்டிதர்களும் கிடைத்தார்கள். ஆனால் பண்டிதருக்குச் சொல் தெரியும், அந்தச் சொல் சுவரில் எது என்று தெரியாது. கடைசியில் தஞ்சாவூர்க் கம்மாளச் சிற்பி ஒருவர் வந்துதான் முடிச்சு அவிழ்ந்தது. கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஆகிறது, நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

கணக்கு: ஆயாதி என்றால் என்ன?

பலரையும் பயமுறுத்துவது இந்தப் பகுதி. எட்டு நெல் ஒரு விரல், இருபத்துநான்கு விரல் ஒரு முழம் என்பது அடிப்படை. கட்டடத்தின் அளவு முடிவானதும் அதைச் சில எண்களால் பெருக்கி, வகுத்து, மீதியைப் பார்ப்பார்கள். ஆயம், வியயம், யோனி, நட்சத்திரம், வாரம், அம்சம் என்று ஆறு சோதனைகள். எதைப் பெருக்குவது என்பது நூலுக்கு நூல் மாறும்.

யோனியை மட்டும் போட்டுப் பார்க்கலாம். அளவை 3ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க வேண்டும். மீதி 1 கொடி, 2 புகை, 3 சிங்கம், 4 நாய், 5 காளை, 6 கழுதை, 7 யானை, மீதி இல்லாவிட்டால் காகம். ஒற்றைப்படை நல்லது.

27 முழம்: 81, எட்டால் வகுத்தால் மீதி 1. கொடி, நல்லது. 26 முழம்: 78, மீதி 6. கழுதை, ஆகாது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. எட்டு இரட்டை எண், மூன்று ஒற்றை எண். ஆகவே மீதி ஒற்றைப்படையாக வர வேண்டுமென்றால் எடுத்த அளவும் ஒற்றைப்படையாக இருந்தே ஆக வேண்டும். முழு முழங்களில் பார்த்தால் யோனி சோதனை சொல்வது ‘ஒற்றைப்படை அளவு எடு’ என்பது மட்டும்தான். கொடி யோனியே வேண்டுமென்றால் 3, 11, 19, 27 என்று எட்டு எட்டாகத் தாண்டிப் போகும். மற்ற ஐந்து சோதனைகளும் சேரும்போது தேர்வு இன்னும் குறுகும். ஸ்தபதி விரல் கணக்கில் கூட்டிக் குறைத்துப் பொருத்துவார்.

பலன் சொல்வதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். வடிவமைப்பு என்ற அளவில் இது செய்யும் வேலை வேறு: கண்டபடி அளவு எடுக்க விடாது. அளவுகள் ஒரு சின்னத் தொகுப்புக்குள் நின்றுவிடுகின்றன. இதை விளங்கிக்கொள்ளாமல் வீட்டு ஹாலை அரை அடி இடித்துக் கட்டச் சொல்லும் ஆலோசனைகள்தான் இந்தக் கணக்குக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை.

சிலைக்கும் இதுபோலத் தாலம் என்ற விகிதக் கணக்கு உண்டு. உத்தம தசதாலம் என்றால் உருவத்தின் உயரம் 124 பங்கு. சுவாமிமலையில் வார்ப்புச் சிலை செய்யும் ஸ்தபதிகள் இதற்கு ஸ்கேல் தேடுவதில்லை. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்து, முகம், கழுத்து, மார்பு, தொடை எங்கே என்று மடிப்பிலேயே குறித்துக்கொள்கிறார்கள். சிலை பெரிதானால் ஓலை பெரிதாகும், மடிப்பு அதேதான்.

இன்று திறந்திருக்கும் வாசல்கள்

1. பட்டறை. குடும்பத்திலோ குருவிடமோ கற்பது. உளி தீட்டுவதில் தொடங்கும். கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று பிரிப்பது இங்கேதான் காதுக்குப் பழகும். மணி போல ஒலித்தால் உள்ளே விரிசல் இல்லை, சிலைக்கு ஆகும். ஒலியே இல்லாததைத் தளத்துக்குப் போடலாம். குறை என்னவென்றால், பரம்பரையாக விஸ்வகர்ம சமூகத்துக்குள், அதுவும் ஆண்களுக்குள் நின்ற வழி இது. இன்னொன்றும் உண்டு: கிரைண்டர் வந்த பிறகு பட்டறைத் தூசி பல மடங்காகிவிட்டது. நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா தூசி அது. முகக்கவசம் போடாத பட்டறையில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

2. மாமல்லபுரம் அரசுக் கல்லூரி. 1957இல் பயிற்சி மையமாகத் தொடங்கியது. முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. பின்னர் அவர் மகன் கணபதி ஸ்தபதி நீண்ட காலம் நடத்தினார். மரபுக் கட்டடக்கலையில் பி.டெக், கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் நுண்கலைப் பட்டங்கள். எந்தச் சாதியானாலும் சேரலாம், பெண்களும் சேரலாம் என்று ஆனதுதான் இதன் முதல் சாதனை என்பேன். இந்தக் கல்வி என்ன செய்யும் என்பதற்குக் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையே சாட்சி. 2000 ஜனவரி 1இல் திறக்கப்பட்டது, கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. மொத்தம் 133 அடி, குறளின் அதிகாரங்கள். அதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். அறத்தின் மேல் வள்ளுவர் நிற்கிறார். எண்ணே வடிவமைப்பு ஆகிவிட்டது.

3. பி.ஆர்க். ஐந்து ஆண்டு, நாட்டா நுழைவுத் தேர்வு. இந்தியக் கட்டடக்கலை வரலாறு பாடமாக உண்டு. விமானத்தின் குறுக்குவெட்டை அழகாக வரைவார்கள். அதிட்டானக் கல் ஒன்றைச் செதுக்கிப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு மிக அரிது. மேற்படிப்பில் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் துறையை எடுப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

பட்டப் பெயர் யாருக்கு?

சரி, மாமல்லபுரத்தில் பி.டெக் முடித்தவர் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு வைக்கலாமா? 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் ஏற்கும் பி.ஆர்க் போன்ற தகுதியோடு பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். பி.டெக் என்ற பட்டம் அந்தப் பெயரைத் தராது.

ஆனால் சட்டம் தடுப்பது பெயரை, வேலையை அல்ல. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முகேஷ் கோயல் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது, கட்டட வடிவமைப்பு தொடர்பான வேலை செய்வதற்குத் தடை இல்லை. ஆக ஸ்தபதி கோயிலை வடிவமைக்கலாம், வீட்டையும் வடிவமைக்கலாம். ஆனால் கட்டட அனுமதிக்கு விதிகள் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் அல்லது இன்ஜினியரின் கையெழுத்து கேட்கும் இடங்களில் அவர் இன்னொருவரைத் தேட வேண்டும். இராசராசப் பெருந்தச்சன் இன்று வந்தாலும் இதே நிலைதான்.

அரசு வேலை என்று பார்த்தால் இந்து சமய அறநிலையத் துறையில் ஸ்தபதி பணியிடங்கள் உண்டு. அப்புறம் திருப்பணி ஒப்பந்தங்கள், வெளிநாட்டுக் கோயில்கள், தனியார் பட்டறைகள்.

இந்தப் பிரிவினை கோயிலில் எப்படித் தெரிகிறது?

பழைய கோபுரங்களில் கல்லுக்கு மேல் இருப்பது செங்கல்லும் சுண்ணாம்பும். கடுக்காய், வெல்லம் ஊறிய நீரில் அரைத்த சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். குடமுழுக்குக்குத் தேதி குறித்துவிட்டு அவசரத்தில் அதன் மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும்? சிமென்ட் கெட்டி, ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லிலேயே தங்கும். உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே புது பெயின்ட் பளபளக்க, உள்ளே கட்டடம் உதிரும். உயரழுத்த மணல் வீச்சால் சுவரைச் ‘சுத்தம்’ செய்து கல்வெட்டு எழுத்துகளைத் தேய்த்ததும் இதே வகை. ஒப்பந்ததாரருக்கு இலக்கணம் தெரியாது, இலக்கணம் தெரிந்தவர் கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லை.

2010 மே மாதம் காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம் விரிசல் விட்டு இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து இது பூச்சா, பாரமா, அடித்தளமா என்று சொல்ல ஸ்தபதியும் வேண்டும், மண் பொறியாளரும் வேண்டும். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புக்காக 75 உத்தரவுகள் பிறப்பித்தது. இன்று திருப்பணிக் கோப்புகள் வல்லுநர் குழுவின் ஒப்புதல் வழியாகப் போகின்றன. நல்லதுதான். ஆனால் குழுவில் உட்காரும் ஆட்களை உருவாக்கும் வகுப்பறை இன்னும் தனித்தனியாகவே இருக்கிறது.

இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது

ஹவாய் தீவுகளில் ஒன்றான கவாயில் இருக்கும் சைவ ஆதீனத்தின் இறைவன் கோயிலை வடிவமைத்தவரும் கணபதி ஸ்தபதிதான். சோழர் பாணி, முழுக் கருங்கல். பெங்களூருக்கு அருகே சிற்பிகள் உளியும் சுத்தியும் மட்டும் கொண்டு கற்களைச் செதுக்கி, கப்பலில் அனுப்பி, அங்கே பொருத்தினார்கள். 2023 மார்ச்சில் குடமுழுக்கு.

இந்தக் கோயிலில் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அடித்தளம். கோயில் ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. சாதாரண கான்கிரீட்டில் இரும்புக் கம்பி இருக்கும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும், கான்கிரீட் பிளக்கும். அதற்கு ஆயிரம் ஆண்டு வாய்ப்பே இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கான்கிரீட் ஆய்வு செய்துவந்த குமார் மேத்தா, 1999இல் கம்பியே இல்லாத தளம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். நீளம் 117 அடி, அகலம் 56 அடி, தடிமன் இரண்டு அடுக்காக 4 அடி. சிமென்ட்டில் பெரும் பங்கைக் குறைத்து, அனல் மின் நிலையச் சாம்பலைச் சேர்த்தார். சாம்பல் சேர்ந்தால் கான்கிரீட் இறுகும்போது சூடு குறைவு, சூடு குறைந்தால் விரிசலும் குறைவு. வலிமை மெதுவாக, வருடக்கணக்கில் ஏறும்.

மெதுவாக இறுகும், கம்பி வேண்டாம், பாரம் நேரே கீழே இறங்கினால் போதும்: சுண்ணாம்புச் சாந்தோடு வேலை செய்த பழைய ஸ்தபதியிடம் இதைச் சொல்லியிருந்தால் அவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.